ஐடிஐ பட்டியலும் வேலைவாய்ப்புப் பதிவும் ஒட்டாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் ஒரே இளைஞரின் பெயர் ஐந்தாறு அரசுப் பதிவேடுகளில் இருக்கும். பத்தாவது முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருப்பார். ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) சேர்ந்திருப்பார். இடையில் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை முடித்திருப்பார். மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளமான நேஷனல் கேரியர் சர்வீஸிலும், அமைப்புசாராத் தொழிலாளர் பதிவேடான இ-ஷ்ரமிலும் யாரோ பதிந்து கொடுத்திருப்பார்கள். வேலையில் சேர்ந்தால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எண்கள் வேறு. இவை அனைத்தையும் ஒரே பட்டியலாக்கி மாத ஆய்வுக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வரும். அந்த வேலை, மாவட்ட அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் தரவு உதவியாளரின் தலையில் விழும். அவருக்காகத்தான் இந்தக் குறிப்பு.

எந்தப் பிழையாக இருந்தாலும், கைவைக்கும் முன் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். மூல அலுவலகம் அனுப்பிய கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், அப்படியே ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். எக்செல்லில் திறந்து சேமித்த கோப்பு மூலக் கோப்பு ஆகாது. அடுத்து, ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை வரிகள், எத்தனை தனி ஆட்கள் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிழை கண்ணில் பட்டால் சேர்த்த பட்டியலில் திருத்த வேண்டாம். மூலத்தில் திருத்தாத பிழை அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்கும்.

சேர்த்த பிறகு ஆள் எண்ணிக்கை கூடிவிட்டது

முதலில் வெற்று எண்களைப் பாருங்கள். அடையாள எண் தெரியாத இடத்தில் சிலர் "0" போடுவார்கள், சிலர் "இல்லை" என்று எழுதுவார்கள், சிலர் பன்னிரண்டு ஒன்பதுகளை அடித்து வைப்பார்கள். ஒரு பக்கம் அப்படி 40 பேர், மறுபக்கம் 30 பேர் என்றால், இணைக்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் ஒட்டி 1,200 வரிகள் பிறக்கும். இணைப்பு எண்ணை வரிசைப்படுத்தி மேலேயும் கீழேயும் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த வரிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீண்டும் இணையுங்கள்.

அதுவும் இல்லையென்றால், ஒருவர் இரண்டு பயிற்சி முடித்து, இரண்டு இடங்களில் வேலை பார்த்திருப்பார். இரண்டு பயிற்சி, இரண்டு வேலை. இணைத்தால் நான்கு வரி. இது பிழையே அல்ல, பட்டியலின் அமைப்பில் உள்ள குறை. ஆள், பயிற்சி, வேலை என்று மூன்று தாள்களாகப் பிரித்து வையுங்கள். ஆள் தாளில் ஒருவருக்கு ஒரு வரிதான் இருக்க வேண்டும். அறிக்கைக்குத் தலை எண்ணும்போது அந்தத் தாளை மட்டும் எண்ணுங்கள்.

எக்செல்லில் ஒரு எண்ணைத் தேடி எடுக்கும் வி-லுக்அப் (VLOOKUP) சூத்திரத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த அறிகுறி தெரியவே தெரியாது. அது முதலில் கிடைத்த வரியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் ஒருவரின் இரண்டாவது வேலை காணாமல் போயிருக்கும். இணைக்கும் முன் இரண்டு பக்கமும் எந்த எண் ஒன்றுக்கு மேல் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதே இதற்கு ஒரே சோதனை.

சேர்த்த பிறகு ஆள் எண்ணிக்கை குறைந்துவிட்டது

இதற்கான காரணங்களைச் செலவில்லாததிலிருந்து தொடங்குகிறேன்.

எண்ணின் முன்னும் பின்னும் இடைவெளி இருக்கலாம். வெட்டி ஒட்டிய கோப்புகளில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்துகளும் இருக்கும். இடைவெளி நீக்கும் சாதாரண "ட்ரிம்" சூத்திரம் அவற்றை எடுக்காது. எண்ணின் நீளத்தைத் தனி நெடுவரிசையில் கணக்கிடுங்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று வந்தால் காரணம் கையில் கிடைத்தது.

அடுத்தது எக்செல்லின் கைங்கரியம். பன்னிரண்டு இலக்க எண்ணை அது "6.12E+11" என்பது போலச் சுருக்கிக் காட்டும். காட்டுவது மட்டும்தான் சுருக்கம், உள்ளே எண் முழுசாக இருக்கிறது. ஆனால் அந்த நிலையிலேயே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக்) கோப்பாகச் சேமித்தால் சுருக்கம்தான் சேமிக்கப்படும். பிறகு திறந்தால் எல்லா எண்களின் கடைசியிலும் பூஜ்யங்களாக நிற்கும். இதை மீட்க வழியில்லை, மூலக் கோப்பையே மறுபடி கேட்டு வாங்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. நிறுவனக் குறியீடு 17 இலக்கம்; எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். எண்ணாகத் திறந்த கணத்திலேயே கடைசி இரண்டு இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். நாற்பது பனியன் கம்பெனிகளின் குறியீடுகளும் "00" என்று முடிந்தால் அது தற்செயல் அல்ல. தரவை இறக்குமதி செய்யும்போதே அந்த நெடுவரிசையை "உரை" என்று குறித்துவிட வேண்டும்.

வேலைவாய்ப்புப் பதிவு எண்ணில் இதே சிக்கல் வேறு வேடத்தில் வரும். பழைய அட்டையில் 1234/2008 என்று இருக்கும். இணையதளப் பதிவில் அதே எண், அலுவலகத்தின் மூன்றெழுத்துக் குறியீடு, ஆண்டு, ஆணா பெண்ணா என்பதற்கு எம் அல்லது எஃப், பிறகு 00001234 என எட்டு இலக்கம் என்று நீண்டிருக்கும். ஐடிஐக்காரர் அட்டையைப் பார்த்து எழுதியிருப்பார். நீங்கள் தளத்திலிருந்து இறக்கியிருப்பீர்கள். ஒன்றுகூட ஒட்டாது. பழைய எண்ணைப் புதிய வடிவத்துக்கு மாற்ற ஒரு சூத்திரம் போதும். பாலினக் குறி தவறாக இருக்கும் வரிகள் மட்டும் மிஞ்சும். அவற்றைக் கையால் பாருங்கள்.

இதற்கும் மசியாவிட்டால், எண் சரி, அது இருக்கும் நெடுவரிசைதான் தவறு என்று சந்தேகப்படுங்கள். ஆதார் பன்னிரண்டு இலக்கம். பி.எஃப். உறுப்பினரின் யுஏஎன் (UAN) எண்ணும் பன்னிரண்டு இலக்கம். இ-ஷ்ரம் அட்டையில் இருப்பதும் யுஏஎன் என்ற அதே பெயருடைய பன்னிரண்டு இலக்க எண். "உங்கள் யுஏஎன் எண் சொல்லுங்கள்" என்று பயிற்சி மையத்தில் கேட்டால், தறிக் கூடத்துப் பையன் இ-ஷ்ரம் அட்டையை நீட்டுவான், மில்லில் வேலை பார்த்தவர் பி.எஃப். எண்ணைச் சொல்வார். இரண்டும் ஒரே கட்டத்தில் ஏறிவிடும். ஆதார் எண் 0, 1 ஆகியவற்றில் தொடங்காது, பி.எஃப். யுஏஎன் 1இல் தொடங்கும். எனவே ஆதார் கட்டத்தில் 1இல் தொடங்கும் எண் இருந்தால் அது ஆதார் இல்லை. அதோடு ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்ட சோதனை இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். படிவத்தில் "யுஏஎன்" என்ற ஒற்றைக் கட்டத்தை ஒழித்துவிட்டு, "பி.எஃப். எண்", "இ-ஷ்ரம் எண்" என்று இரண்டு கட்டங்கள் போடச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை இதைவிட மலிவான மருந்து இந்தத் துறையில் இல்லை.

ஆளை அழைக்க வேண்டிய கட்டம்: மூலத் தரவுத்தளத்திலேயே ஒரே பதிவு எண் இரண்டு பேருக்கு இருந்தால் நிறுத்துங்கள். அதை உங்கள் மேசையில் தீர்க்க முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள தேசிய தகவலியல் மையத்துக்கு, சம்பந்தப்பட்ட அலுவலரின் கையெழுத்தோடு எழுதுங்கள்.

ஒரே ஆள் இரண்டு பேராக நிற்கிறார்

கொங்கு நாட்டில் ஒரு டவுன் பஸ்ஸில் "பழனிசாமி" என்று கூப்பிட்டால் நான்கு பேராவது திரும்புவார்கள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது "ழ"வுக்கு எல் ஒன்று, இசட்-எச் ஒன்று. "சா"வுக்கு எஸ்-ஏ, எஸ்-டபிள்யூ-ஏ, சி-எச்-ஏ என மூன்று. கடைசி எழுத்துக்கு ஆங்கில "ஐ" போடுவதா, "ஒய்" போடுவதா என்பது எழுதுகிறவர் விருப்பம். பெருக்கினால் பன்னிரண்டு பழனிசாமிகள். இதற்கு மேல் முன்னெழுத்து: முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளியில்லாமல், அல்லது ஆதாரில் அப்பா பெயராக முழுசாக விரிந்து.

முதல் சோதனை முன்னெழுத்தைப் பிரிப்பது. ஓரெழுத்து, ஈரெழுத்துத் துண்டுகளையெல்லாம் வேறு நெடுவரிசைக்கு எடுத்துவிட்டு மீதிப் பெயரை மட்டும் ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல் ஒலி ஒப்புமைக் கருவியை ஓட்டினால் பயனில்லை. அவற்றில் பெரும்பாலானவை முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தேடுபவை. முன்னால் நிற்கும் "கே" என்ற இனிஷியலைப் பெயர் என்று நம்பிவிடும். தமிழில் எழுதிய பெயர் கிடைத்தால் அதையே ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் பன்னிரண்டாகச் சிதறுவது தமிழில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் திருமணம். கல்யாணத்துக்கு முன் தையல் பயிற்சி முடித்த பெண்ணுக்கு அப்பாவின் முன்னெழுத்து இருக்கும். பிறகு ஆதாரில் கணவர் பெயர் ஏறி முன்னெழுத்து மாறியிருக்கும், ஊரும் மாறியிருக்கும். கோபியில் பயிற்சி, அவினாசியில் வேலை. எந்தக் கருவியும் இவரை ஒருவர் என்று சொல்லாது. மாறாமல் இருப்பவை இரண்டு: பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எண். வேலைவாய்ப்புப் பதிவில் சான்றிதழ் விவரம் இருக்கும். ஐடிஐ சேர்க்கைப் படிவத்திலும் இருக்கும். ஐடிஐ அனுப்பும் கோப்பில் அந்த நெடுவரிசை வெட்டப்பட்டிருக்கும். கேட்டால் தருவார்கள்.

பெண் தொழிலாளர்கள் அதிகமாக உள்ள திருப்பூர்ப் பட்டியல்களில் "பயிற்சி முடித்தும் வேலையில் சேராதவர்கள்" என்ற தொகை பெரிதாக வந்தால், பயிற்சி மையத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள்

முந்தைய அறிகுறிக்குக் கொடுத்த மருந்து அளவு மீறினால் இது வரும். இரண்டில் ஆபத்து அதிகம் இதற்குத்தான். ஒட்டாமல் போனவர் அடுத்த மாதம் ஒட்டுவார். தவறாக ஒட்டப்பட்டவருக்கு, வேறொருவரின் வேலை இவர் பெயரில் ஏறும். ஐந்து ஆண்டு பதிவு முடித்துக் காத்திருந்து வாங்கும் வேலையில்லா இளைஞர் உதவித்தொகை, "இவர் பணியில் உள்ளார்" என்ற ஒரு வரியால் நின்றுபோகும். பதிவு மூப்பு கலைந்தால் அதை மீட்க அவர் அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும்.

இரட்டையர்களை முதலில் தேடுங்கள். ஒரே முன்னெழுத்து, ஒரே பிறந்த தேதி, ஒரே முகவரி, வீட்டில் ஒரே கைபேசி எண். பெயர் சுகன்யா, சுகுணா என்று ஒட்டி உரசிக்கொண்டு இருக்கும். எண்பது சதவீதம் ஒத்துப்போனால் ஒருவரே என்று கருவிக்குச் சொல்லியிருந்தால் அது இவர்களைத் தயங்காமல் ஒன்றாக்கிவிடும். பிறந்த தேதி, கைபேசி இரண்டும் ஒத்து, பெயர் மட்டும் கொஞ்சம் மாறுகிற வரிகளை எக்காரணம் கொண்டும் தானாக இணைய விடாதீர்கள்.

அடுத்தது கைபேசி எண்ணை மட்டும் நம்புவது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளில் இருபது பேருக்கு ஒப்பந்தக்காரரின் எண்ணே பதிவாகியிருக்கும். மில் விடுதியென்றால் வார்டன் எண். ஒரே எண் மூன்று பேருக்கு மேல் வந்தால் அந்த எண்ணை இணைப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வைத்துவிடுங்கள்.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது: வலுவான எண் ஒன்றும் பிறந்த தேதியும் ஒத்தால் மட்டும் தானாக இணைப்பு. மற்றதெல்லாம் "ஐயம்" என்ற தாளுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மனிதர் பார்த்து, தேதியும் தன் பெயரும் எழுதி முடிவு செய்ய வேண்டும். இணைத்த ஒவ்வொன்றையும் பிரிக்க முடிகிற மாதிரி பழைய எண்கள் இரண்டையும் வைத்திருங்கள். ஏற்கெனவே இணைத்துப் பழைய எண்ணை அழித்துவிட்ட பட்டியல் உங்கள் கைக்கு வந்தால், சரிசெய்ய முயலாதீர்கள். மூலங்களிலிருந்து மறுபடி கட்டச் சொல்லி, தரவுத்தளம் தெரிந்த ஆளை அழையுங்கள். செலவுதான், ஆனாலும் வேறு வழியில்லை.

பிறந்த தேதி தாறுமாறாக இருக்கிறது

தேதிக்குப் பதில் 38142 என்று எண் நின்றால் பயப்பட வேண்டாம். அது எக்செல்லின் நாள் கணக்கு. நெடுவரிசையைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் 2004 ஜூன் 4 என்று வந்துவிடும்.

தேதி தேதியாகவே தெரிகிறது, ஆனால் ஒட்டவில்லை என்றால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினி 04/06/2004ஐ ஏப்ரல் 6 என்று எடுத்துக்கொள்ளும். 17/06/2004ஐ அதால் புரிந்துகொள்ள முடியாது, உரையாக விட்டுவிடும். எனவே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். இதைப் பார்த்தாலே போதும். வலப்பக்கம் நிற்பவை அனைத்தும் மாறியவை. மாதத்தில் பதினெட்டு நாள் பன்னிரண்டுக்கு மேற்பட்டது. உங்கள் கோப்பில் 13 முதல் 31 வரை பிறந்தவர் ஒருவர்கூட இல்லையென்றால் யாரோ உரைகளை நீக்கிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஜனவரி 1 மட்டும் குவிந்திருந்தால் அது கோப்பின் பிழை அல்ல. ஆண்டு மட்டும் தெரிந்து பதிந்தவர்கள், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக் கொடுத்த தேதியோடு வாழ்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அத்தகைய தேதியை இணைப்புக்குப் பாதிச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து சிதைந்து தெரிகிறது

எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

தலைக்கோடு போட்ட ஆங்கில "ஏ"யும், வட்டத்துக்குள் "ஆர்" குறியும் மாறி மாறி வந்தால் தரவு நன்றாகத்தான் இருக்கிறது. ஒருங்குறிக் கோப்பை எக்செல் வேறு குறியாக்கத்தில் திறந்துவிட்டது. மூடிவிட்டு, "தரவு" பட்டியலில் உரைக் கோப்பாக இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். சிதைந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள்.

பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால், அது வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. ஒருங்குறியையும் டேஸ் 16 (TACE16) என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாகத் தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்தது; கோவையில் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டு அது. ஆனாலும் அதற்கு முந்தைய பதிவேடுகளும், பழக்கத்தை விடாத தட்டச்சர்களும் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துரு மாற்றியில் போட்டால் சரியாகிவிடும். எந்த எழுத்துரு என்று அனுப்பியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊகித்துப் போட்டால் பாதி எழுத்து சரியாகவும் பாதி கோளாறாகவும் வந்து அலைக்கழிக்கும்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்து போயேவிட்டது. மறுபடி கேளுங்கள்.

கடைசி வகைதான் ஆளைத் திணறடிப்பது. எழுத்து அழகாகத் தெரியும், இரண்டு பக்கமும் "கொடுமுடி" என்றுதான் இருக்கும், ஆனால் இணையாது. "கொ"வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. "ஸ்ரீ"யிலும் இப்படி இரண்டு வகை உண்டு. ஒகரக் குறி என்றால் நீளத்தை அளந்தால் ஓர் எண் வித்தியாசம் காட்டும். இணைக்கும் முன் எல்லாத் தமிழ் நெடுவரிசைகளையும் ஒரே இயல்பு வடிவத்துக்கு மாற்றும் ஒற்றை வரி நிரல் எந்த மொழியிலும் கிடைக்கும். நிரல் தெரியாதவர்கள் ஒற்றைக்கொம்பு-துணைக்கால் சேர்க்கையைத் தேடி மாற்றினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். "ஸ்ரீ"யை மட்டும் தனியாகத் தேடி மாற்ற வேண்டும்.

காங்கேயத்துக்காரர் ஈரோடு மாவட்டக் கணக்கில் வருகிறார்

திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் பிறந்தது. காங்கேயமும் தாராபுரமும் அதுவரை ஈரோட்டில். பல்லடம், அவினாசி, உடுமலை எல்லாம் கோவையில். அதற்கு முன் பதிந்தவரின் வேலைவாய்ப்பு எண்ணில் பழைய அலுவலகக் குறியீடே இருக்கலாம். அது பிழை அல்ல, அந்த எண்ணை "திருத்த"வும் கூடாது. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்தும், கரூர் 1995இல் திருச்சியிலிருந்தும் பிரிந்தவை. மூத்த பதிவுதாரர்களிடம் அங்கேயும் இதே கதை. மாவட்டத்தைப் பதிவு எண்ணிலிருந்து எடுக்காமல், இன்றைய முகவரியின் வட்டத்திலிருந்து எடுங்கள்.

அஞ்சல் குறியீட்டை நம்பியும் எடுக்காதீர்கள். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் 638, நாமக்கல்லின் குமாரபாளையத்துக்கும் 638. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் 642. ஊர்ப் பெயரும் கைகொடுக்காது: பாளையத்தில் முடியும் ஊர்கள் நமக்கு எண்ணி மாளாது, புதுப்பாளையமும் கவுண்டம்பாளையமும் வட்டத்துக்கு வட்டம் உண்டு.

ஊர், வட்டம் எல்லாம் சரியாக இருந்தும் மொத்தப் பட்டியலும் வேறு மாவட்டத்துக்குப் போனால், ஒரு துறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் குறியீட்டையும் இன்னொரு துறை உள்ளாட்சிக் குறியீட்டு அடைவின் எண்ணையும் பயன்படுத்துகிறது. இரண்டும் மூன்று இலக்கம்தான் என்பதால் யாருக்கும் உறைக்காது. ஒரு பொருத்த அட்டவணை போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

வேலைக்குப் போகிறார், பட்டியலில் "வேலை இல்லை" என்று இருக்கிறது

பயிற்சி மையம் "பணியமர்த்தினோம்" என்று சொல்லும், பி.எஃப். ஒப்பீட்டில் ஆள் இல்லை என்று வரும். உடனே "பொய்க் கணக்கு" என்று எழுதிவிடாதீர்கள். பல சமயம் இருவரும் சொல்வது உண்மையாக இருக்கும்.

நாள் கணக்கை முதலில் பாருங்கள். ஒரு மாதத்துப் பி.எஃப். பங்களிப்பைக் கட்ட அடுத்த மாதம் 15ஆம் தேதி வரை அவகாசம். ஆகஸ்ட் 5இல் சேர்ந்தவரைச் செப்டம்பர் 10இல் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

அடுத்து நிறுவனத்தின் அளவு. பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்துக்குத்தான். சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்கள், வீட்டோடு இருக்கும் பவர் டேபிள்கள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடங்கள்), கோவையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் சின்னப் பட்டறைகள் எதுவும் அந்த வட்டத்துக்குள் வராது. ஈ.எஸ்.ஐ. 10 பேரில் தொடங்குவதால் அதில் சிலர் கிடைப்பார்கள். அதிலும் இல்லாதவர்களுக்குச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் வரவு, நேரில் போய்ப் பார்த்தல் ஆகியவைதான் சான்று.

மூன்றாவது தொழில் பழகுநர்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி சேர்ந்தவர் பி.எஃப். கணக்கில் ஊழியர் அல்ல. ஐடிஐ முடித்தவர்களில் இவர்கள் கணிசம். அப்ரண்டிஸ்ஷிப் தளத்தில் ஒப்பந்த எண் இருக்கும்; அதைத் தனி மூலமாக இணையுங்கள்.

நான்காவது ஒப்பந்தக்காரர். பெருந்துறை சிப்காட் தொழிற்சாலைக்குள் வேலை பார்ப்பார், பி.எஃப். சென்னையில் பதிவான ஆள் வழங்கும் நிறுவனத்தின் பெயரில் போகும். நிறுவனப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்க மாட்டார். ஆளின் எண்ணை வைத்துத் தேடினால் கிடைப்பார்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சினால், சொல்லின் எல்லையில் சண்டை. பயிற்சி மையத்துக்கு "பணியமர்வு" என்பது சேர்ந்த நாள். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அது தன் பரிந்துரையால் கிடைத்த நியமனம். பி.எஃப்.புக்கு அந்த மாதம் பணம் கட்டப்பட்டதா என்பது மட்டும்தான். மூன்றையும் ஒரே "ஆம்/இல்லை" கட்டத்தில் திணிக்காமல், மூன்று நெடுவரிசையாக, ஒவ்வொன்றுக்கும் தேதியும் மூலமும் போட்டு வையுங்கள். கூட்டத்தில் எதை எண்ணுவது என்பது மேலதிகாரிகள் முடிவு செய்ய வேண்டியது.

எதிர்த்திசையும் உண்டு: வேலையை விட்டு வந்து மாதங்கள் ஆகியும் "பணியில் உள்ளார்" என்று நிற்பவர். நிறுவனம் விலகல் தேதியைப் பதிவு செய்யாததுதான் வழக்கமான காரணம். கடைசிப் பங்களிப்பு எந்த மாதம் என்று பார்த்தால் தெரியும். பி.எஃப். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக யாருடைய வேலைவாய்ப்புப் பதிவிலும் நீங்கள் கை வைக்கக் கூடாது. அது வேலைவாய்ப்பு அலுவலரின் முடிவு, எழுத்தில் வாங்குங்கள்.

படித்த தொழிலும் பார்க்கும் வேலையும் பொருந்தவில்லை, சம்பளமும் விசித்திரமாக இருக்கிறது

தேசியத் தொழில் வகைப்பாட்டின் 2015 பதிப்பில் குறியீடு நான்கு இலக்கம், ஒரு புள்ளி, மீண்டும் நான்கு இலக்கம். 7531.0100 என்பதை எக்செல் எண்ணாக நினைத்து 7531.01 ஆக்கிவிடும். பொருந்தாமைக்கு இதுதான் முதல் காரணம். உரையாக மாற்றிப் பூஜ்யங்களை நிரப்புங்கள். பழைய 2004 பதிப்பின் ஆறு இலக்கக் குறியீடுகள் கலந்திருந்தால் பொருத்த அட்டவணை தேவைப்படும். திறன் தகுதி நிலைகளில் இப்போது 2.5, 3.5 என்று அரை நிலைகள் உண்டு. முழு எண் மட்டும் ஏற்கும் நெடுவரிசை அவற்றை விழுங்கிவிடும்.

அதற்கு மேல் இருப்பது ஊர்ப் பேச்சு. திருப்பூரில் நிறுவனம் அனுப்பும் பட்டியலில் சிங்கர் டெய்லர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங் என்று இருக்கும். பயிற்சிச் சான்றிதழில் "தையல் இயந்திர இயக்குநர்" என்று ஒன்றே ஒன்று. நிறுவன மேற்பார்வையாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்தச் சொல் எந்தக் குறியீட்டுக்கு என்று அகராதி போட்டுக்கொள்ளுங்கள். கைமடியைத் தையலில் சேர்க்காதீர்கள். இயந்திரத்தில் உட்காராத வேலை அது. பயிற்சி பெற்றவர் அங்கேதான் இருக்கிறார் என்றால் அதை மறைக்காமல் காட்டுவதே பட்டியலின் பயன்.

மாதச் சம்பளக் கட்டத்தில் 600 என்று இருந்தால் அது ஷிப்ட் கூலி. 3,600 என்றால் சனிக்கிழமை வாங்கிய வாரக் கூலி. மூவாயிரத்தி அறுநூற்றை நான்கால் பெருக்கி மாதச் சம்பளமாக்கிவிடாதீர்கள்; ஒன்றரை ஷிப்ட் ஓடிய வாரமாகவும் இருக்கலாம். "கூலி எந்தக் கணக்கில்" என்று பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்துத் திருப்பிக் கேளுங்கள்.

நேற்று வரை வந்த தானியங்கிப் பரிமாற்றம் இன்று நின்றுவிட்டது

பிழைச் செய்தியில் 401 என்று இருந்தால் கடவுச்சொல்லோ அணுகல் சாவியோ காலாவதி. 403 என்றால் உங்கள் அலுவலக இணைப்பின் ஐபி முகவரி மாறியிருக்கலாம். மோடம் மாற்றினார்களா என்று கேளுங்கள். சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை என்றால், முதலில் கணினியின் தேதி சரியா என்று பாருங்கள். சரியென்றால் அந்தப் பக்கத்துப் பாதுகாப்புச் சான்றிதழ் முடிந்திருக்கும், எச்சரிக்கையை அணைத்துவிட்டுத் தொடராதீர்கள். "வெற்றி" என்று செய்தி வந்து பூஜ்யம் வரிகள் வந்தால், அவர்கள் நெடுவரிசைப் பெயரையோ தேதி வடிவத்தையோ சொல்லாமல் மாற்றியிருக்கிறார்கள்.

தானியங்கி நின்ற நாளில், "அதுவரை வாட்ஸப்பில் எக்செல் அனுப்புங்கள்" என்று யாராவது சொல்வார்கள். ஆதார் எண் உள்ள கோப்பை அப்படி அனுப்ப இடமில்லை: ஆதார் சட்டம் 2016 குறுக்கே நிற்கிறது. கூட்டம் நாளைக்கே என்றால் ஆதார் நெடுவரிசையை நீக்கிவிட்டு, கடைசி நான்கு இலக்கத்தோடும் பதிவு எண்ணோடும் கடவுச்சொல் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

தொழில்நுட்ப ஆளை அழைக்கும்போது "வரவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் முதல் கேள்வியிலிருந்து தொடங்குவார். கடைசியாகச் சரியாக வந்த நாளும் நேரமும், அன்று வந்த வரிகளின் எண்ணிக்கை, இன்று வந்த பிழைச் செய்தியின் முழு வாசகம், இடையில் அலுவலகத்தில் மாறிய கணினி, மோடம், ஆள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஆதார் எண்கள் தெரியாதபடி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து இணைத்து அனுப்புங்கள்.